மழைக்காட்டில் கேம்பர் டிரெய்லர்: குடும்பத்தோடு முதல்முறை போகிறவர்களுக்கு

போன மார்ச் மாதம் நானும் மனைவியும், ஒன்பதும் ஆறும் வயதுள்ள பிள்ளைகளும் ஒரு கேம்பர் டிரெய்லரை, அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப்போய்க் கூடாரமாக விரிக்கும் வண்டியை, வாடகைக்கு எடுத்துக்கொண்டு சிட்னியிலிருந்து சிச்செஸ்டர் அரசுக் காட்டுக்குப் போனோம். வெள்ளி போய் ஞாயிறு திரும்புவதாகத் திட்டம். சனி இரவு கொட்டிய மழையில் தரைப்பாலம் மூழ்கியது. திங்கள் மதியம்தான் வெளியே வர முடிந்தது. அவசரத்தில் ஈரத்தோடு மடித்த கேன்வாஸில் பூஞ்சை பிடித்து, டெபாசிட்டில் 220 டாலர் போனது. அதற்குப் பிறகு இரண்டு முறை போய்விட்டோம். இரண்டு முறையும் மழைதான், ஆனால் இரண்டும் நல்லபடியாக முடிந்தன.

முதல் பயணத்துக்கும் அடுத்த இரண்டுக்கும் இடையில் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நியூ சவுத் வேல்ஸ் விதிகளை வைத்து எழுதுகிறேன். மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் லைசென்ஸ் பகுதியை உங்கள் மாநில விதியோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. லைசென்ஸ்: பயணத்துக்கு மாதக்கணக்கில் முன்பே

சாதாரண கார் லைசென்ஸ், அதாவது சி வகுப்பு, போதும். டிரெய்லருக்கென்று தனி லைசென்ஸ் கிடையாது. ஆனால் எல் பலகை வைத்திருப்பவர், அதாவது ஓட்டக் கற்றுக்கொள்பவர், எதையும் இழுக்கக் கூடாது. சிவப்பு பி பலகைக்காரர், அதாவது தற்காலிக லைசென்ஸின் முதல் கட்டத்தில் இருப்பவர், 250 கிலோவுக்கு மேல் வெற்று எடையுள்ள டிரெய்லரை இழுக்கக் கூடாது. கேம்பர் டிரெய்லர் எதுவும் அந்த எடைக்குள் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நிரந்தரமாகக் குடியிருக்கும் விசாவில் இருந்தால் மூன்று மாதத்துக்குள்ளும், தற்காலிக விசாவில் இருந்தால் (2023 ஜூலை முதல்) ஆறு மாதத்துக்குள்ளும் ஊர் லைசென்ஸை இங்குள்ள லைசென்ஸாக மாற்ற வேண்டும். இந்தியா, இலங்கை லைசென்ஸுக்கு எழுத்துத் தேர்வும் உண்டு, ஓட்டிக் காட்டும் தேர்வும் உண்டு. ஊரில் எத்தனை வருடம் லைசென்ஸ் வைத்திருந்தீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பி பலகையா, முழு லைசென்ஸா என்று முடிவாகும். அதனால் பழைய அட்டையையும், முதலில் லைசென்ஸ் எடுத்த தேதி தெரியும் ஆவணத்தையும் தொலைத்துவிடாதீர்கள். புதுப்பித்த அட்டையில் புதிய தேதி மட்டும் இருந்தால், பத்து வருடம் ஓட்டியவரும் புதியவராகவே கணக்கில் வருவார்.

சட்டம் அனுமதித்தாலும் வாடகைக்கு விடுபவர் தனியாக வயது வரம்பு வைத்திருக்கலாம். முன்கூட்டியே கேளுங்கள்.

2. உங்கள் கார் எவ்வளவு இழுக்கும்?

"எஸ்.யு.வி.தானே, இழுக்கும்" என்று நினைப்பது பெரிய பொறி. நம்மவர்கள் நிறையப் பேர் வைத்திருக்கும் டொயோட்டா ராவ்4 வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் வந்த தலைமுறையில், நான்கு சக்கர இயக்கமுள்ள ஹைபிரிட் 1,500 கிலோ இழுக்கும். வெளியே பார்க்க அதே மாதிரி இருக்கும் முன்சக்கர ஹைபிரிட் இழுப்பது 480 கிலோ மட்டும். காரின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வண்டியின் கையேட்டைத் திறந்து, பிரேக் உள்ள டிரெய்லருக்கான எடை வரம்பையும், டோபால் (டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டு) தாங்கும் எடையையும் பாருங்கள். பிறகு அந்தக் குண்டைத் தாங்கும், காரின் பின்னால் பொருத்திய டோபாரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

டிரெய்லரின் தகட்டில் இரண்டு எண் முக்கியம். டேர் என்பது வெற்று எடை. ஏ.டி.எம். என்பது சாமான் ஏற்றியபின் போகக்கூடிய மொத்த எடை வரம்பு. நாங்கள் எடுத்தது டேர் 1,080 கிலோ, ஏ.டி.எம். 1,500 கிலோ. ஆக 420 கிலோ ஏற்றலாம். கேட்க நிறைய. ஆனால் 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினாலே 80 கிலோ போய்விடும். காஸ், ஐஸ் பெட்டி, படுக்கை, நாற்காலி, அரிசி மூட்டை என்று போனால் வரம்பு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வந்துவிடும். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு டோபால் மேல் அழுந்த வேண்டும். பின்பக்கம் கனத்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்டும். கனமான பொருள் எல்லாம் அச்சுக்கு மேலே, தாழ்வாக.

பிரேக்: ஏற்றிய டிரெய்லரின் சக்கரத்தில் விழும் எடை 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். பெரும்பாலான கேம்பர்களில் இருப்பது மின் பிரேக். அது வேலை செய்யக் காருக்குள் பிரேக் கன்ட்ரோலர் என்ற சின்னக் கருவி வேண்டும். எனக்கு டோபார் மாட்ட 1,150 டாலர், கன்ட்ரோலருக்கு 650 டாலர் ஆனது. கடையில் நாள் கிடைக்கவே மூன்று வாரம் காத்திருந்தேன். டோபார் மாட்டும்போதே கன்ட்ரோலரையும் மாட்டிவிடுங்கள். தனித்தனியாகப் போனால் கூலி இரண்டு முறை.

பிளக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள். டிரெய்லரில் 12 முனை பிளக்கும் உங்கள் காரில் 7 முனை சாக்கெட்டும் இருந்தால் பொருந்தாது. இடையில் போடும் அடாப்டர் விலை குறைவுதான். ஆனால் வெள்ளி மாலை ஆறு மணிக்கு அதைத் தேடி அலைய முடியாது.

3. எந்த டிரெய்லர்? தரையைப் பாருங்கள்

விளம்பரத்தில் சமையல் மேடை, சூரியத் தகடு, டிவி எல்லாம் கண்ணைப் பறிக்கும். மழைக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது தரை ஒன்றைத்தான்.

மென்தரை என்றால், கூடாரம் பக்கவாட்டில் விரிந்து, பி.வி.சி. தரை நேராக மண்ணில் படுக்கும். உள்ளே இடம் தாராளம், வாடகையும் குறைவு. ஆனால் மழையில் அந்தத் தரையின் அடிப்பக்கம் முழுக்கச் சேறாகும். மடிக்கும்போது சேறு பூசிய அந்தத் தரைதான் படுக்கையின் மேல் வந்து விழும். எங்கள் முதல் பயணத்தில் மெத்தை நனைந்தது இப்படித்தான்.

வன்தரை என்றால், டிரெய்லரின் மூடியே கவிழ்ந்து தரையாகிவிடும். மண்ணில் படாது. விரிப்பதும் மடிப்பதும் வேகம். வாடகை ஒரு இரவுக்கு முப்பது நாற்பது டாலர் கூடுதல். மழை வாய்ப்பு இருக்கிறதென்றால் அந்தப் பணத்தைத் தயங்காமல் கொடுங்கள். இதில் மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

கேன்வாஸ் புதிதா என்றும் கேளுங்கள். புதுக் கேன்வாஸை இரண்டு மூன்று முறை நன்றாக நனைத்துக் காயவைத்தால்தான் நூல் உப்பித் தையல் துளைகள் அடையும். அது செய்யாத டிரெய்லர் முதல் மழையில் தையல் ஓரமெல்லாம் சொட்டும்.

4. ஒப்பந்தம், காப்பீடு, டெபாசிட்

கையெழுத்துப் போடுவதற்கு முன் நான்கு இடங்களைத் தேடிப் படியுங்கள்.

மண்சாலை. "தார்ச்சாலையில் மட்டும்" என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். காட்டுக்குள் போகும் கடைசிச் சில கிலோமீட்டர் பெரும்பாலும் சரளைச் சாலை. நீங்கள் போகும் இடத்தின் பெயரைச் சொல்லி, அங்கே போகலாம் என்று உரிமையாளரிடம் குறுஞ்செய்தியிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு செல்லாது.

தண்ணீர். ஓடையைக் கடக்கும்போது வரும் சேதத்துக்குக் காப்பீடு உண்டா? பெரும்பாலும் இராது.

ஈரமாகத் திருப்புதல். ஈரத்தோடு திருப்பினால் எவ்வளவு பிடிப்பார்கள், பூஞ்சை வந்தால் எவ்வளவு என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

தாமதம். வெள்ளத்தில் சிக்கி ஒரு நாள் தாமதமானால் கட்டணம் என்ன? நான் ஒரு முழு நாள் வாடகை கூடுதலாகக் கொடுத்தேன்.

உங்கள் கார் காப்பீட்டு நிறுவனத்தையும் கூப்பிடுங்கள். "வாடகை டிரெய்லரை இழுக்கப் போகிறேன். டிரெய்லர் இடித்து மற்றவருக்கு ஆகும் சேதத்துக்குப் பாதுகாப்பு உண்டா? டிரெய்லருக்கே ஆகும் சேதத்துக்கு உண்டா?" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வராது. சாலை உதவித் திட்டம் வைத்திருப்பவர்கள் அதில் டிரெய்லரும் அடக்கமா என்று கேளுங்கள். காரை மட்டும் ஏற்றிக்கொண்டு டிரெய்லரைச் சாலையோரத்தில் விட்டுப் போகும் திட்டங்களும் உண்டு.

டிரெய்லருக்குத் தனி ரெஜோ, அதாவது வாகனப் பதிவு, உண்டு. எண்ணைப் போட்டு மாநில அரசின் சர்வீஸ் என்.எஸ்.டபிள்யூ. தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். காலாவதியான ரெஜோவோடு போலீஸ் நிறுத்தினால் ஓட்டுகிறவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

வண்டியை எடுக்கும்போது உள்ளும் புறமும் வீடியோ எடுங்கள். ஜிப்புகள், மூலைகள், மெத்தையின் அடிப்பக்கம், டயர்கள். ஏற்கெனவே பூஞ்சைப் புள்ளி இருந்தால் அப்போதே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

5. இடமும் நாளும்

மூன்று வகை இடங்கள் உண்டு. தேசியப் பூங்கா என்றால் முன்பதிவு கட்டாயம், பெரும்பாலும் கட்டணமும் உண்டு. சில பூங்காக்களில் காருக்கு நாள் ஒன்றுக்கு 8 டாலர் நுழைவுக் கட்டணம் தனி. நாய்க்கு அனுமதி இல்லை. அரசுக் காடு என்றால் பெரும்பாலான இடங்களில் இலவசம், முன்பதிவு இல்லை, முந்தியவருக்கு இடம். குழிக் கழிப்பறை இருக்கும், குடிநீர் இராது. நாயைக் கொண்டுபோகலாம். மூன்றாவது, கேரவன் பார்க்: மின்சாரம், வெந்நீர்க் குளியல், துணி உலர்த்தும் எந்திரம் எல்லாம் உண்டு.

முதல்முறை போகிறவர்கள் காட்டுக்குப் பக்கத்திலுள்ள கேரவன் பார்க்கில் தங்கிப் பகலில் காட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பது என் யோசனை. பிள்ளையின் கடைசி உலர்ந்த சட்டையும் நனைந்த பிறகு, துணி உலர்த்தும் எந்திரத்தின் மதிப்பு தெரியும்.

சிட்னியிலிருந்து டங்காக் என்ற சிற்றூருக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். டிரெய்லரோடு நான்கு. அதற்கு வடக்கே சிச்செஸ்டர் காட்டில் டெலிகெரி, ஃபிரையிங் பேன் க்ரீக் போன்ற முகாம் இடங்கள் இருக்கின்றன. அதற்கும் மேலே பாரிங்டன் டாப்ஸ் மலை. கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று மோதி மழையைக் கொட்டும் பக்கம் அது. காடு அவ்வளவு பச்சையாக இருப்பதற்கும், நீங்கள் நனைவதற்கும் காரணம் ஒன்றே. கோடையின் பின்பகுதியும் இலையுதிர்காலத் தொடக்கமும், அதாவது ஜனவரி முதல் மார்ச் வரை, மழை அதிகம். ஆகஸ்ட், செப்டம்பர் ஒப்பிட வறண்ட மாதங்கள். இரவு மட்டும் குளிரும்.

ஈஸ்டர், ஜூன் மாத நீண்ட வாரயிறுதி, பள்ளி விடுமுறை நாட்களைத் தவிர்த்தால் வாடகையும் குறையும், நல்ல இடமும் கிடைக்கும்.

முன்பதிவுச் சீட்டு, வரைபடம், ஒப்பந்தம், காப்பீட்டுத் தாள் எல்லாவற்றையும் போனில் இறக்கி வையுங்கள். காட்டுக்குள் சிக்னல் இருக்காது.

6. தரைப்பாலம்: இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்

ஊரில் நாம் பார்த்த அதே தரைப்பாலம்தான். ஆற்றின் குறுக்கே, கைப்பிடி இல்லாத ஒரு கான்கிரீட் பலகை. போகும்போது கணுக்கால் அளவுத் தண்ணீர் தெளிவாக ஓடும். பிள்ளைகள் இறங்கி விளையாடுவார்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் தூறல் மட்டுமே இருந்தாலும், மேலே மலையில் பெய்த மழை சில மணி நேரத்தில் அங்கே வந்து சேரும்.

2015 ஏப்ரலில் டங்காக்கில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி, வீடுகள் அடித்துப்போய், மூன்று பேர் இறந்தார்கள். அந்தப் பகுதிக்குத்தான் நாம் பிள்ளைகளோடு போகிறோம்.

மூழ்கிய பாலத்தைக் காரில் கடக்காதீர்கள். டிரெய்லரோடு நினைக்கவே வேண்டாம். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் நீர் ஆய்வுக்கூடம் உண்மையான கார்களை வைத்துச் செய்த சோதனையில், சின்ன யாரிஸ் கார் 15 சென்டிமீட்டர் ஓடும் தண்ணீரிலேயே இடம் பெயர்ந்தது. இரண்டரை டன் எடையுள்ள நிசான் பாட்ரோல் என்ற பெரிய வண்டி 45 சென்டிமீட்டரில் நகர்ந்தது. டிரெய்லர் அடிப்பாகம் அகலமான ஒரு பெட்டி. அது முதலில் மிதந்து காரையும் இழுத்துக்கொண்டு போகும்.

நான் இப்போது செய்வது இது. வியாழன் இரவும் வெள்ளி காலையும் வானிலை மையத்தின் முன்னறிவிப்பையும் வெள்ள எச்சரிக்கைகளையும் பார்ப்பேன். ஹஸார்ட்ஸ் நியர் மீ என்ற அரசின் ஆபத்து எச்சரிக்கைச் செயலியில் அந்தப் பகுதியைக் குறித்து வைப்பேன். அரசுக் காடு என்றால் வனத்துறைத் தளத்திலும், பூங்கா என்றால் பூங்காத் தளத்திலும் மூடல் அறிவிப்பைப் பார்ப்பேன். அந்த நதிப்படுகைக்கு வெள்ளக் கண்காணிப்பு அறிவிப்பு வந்திருந்தால் போவதில்லை. கட்டிய பணம் போனால் போகட்டும். முகாமை அடைந்ததும் ஆற்றங்கரையில் ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, மாலையும் காலையும் போய்ப் பார்ப்பேன். ஏறுகிறது என்று தெரிந்தால், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுவோம்.

சிக்கிக்கொண்டால் மேட்டில் இருங்கள். தண்ணீர் வடியும், ஆனால் அவசரப்படுத்த முடியாது. இரண்டு நாள் பயணம் என்றாலும் நான்கு நாளுக்கு அரிசி, பருப்பு, குடிநீர், மருந்து இருக்க வேண்டும். முதல் பயணத்தில் எங்களைக் காப்பாற்றியது மனைவி "இருக்கட்டுங்க" என்று கூடுதலாக வைத்த மூன்று கிலோ அரிசியும் பருப்புப் பொடியும்தான். வெள்ளம், புயல் உதவிக்கு மாநில அவசரச் சேவையான எஸ்.இ.எஸ். எண் 132 500. உயிருக்கு ஆபத்து என்றால் 000. சிக்னலே இல்லாத இடத்துக்கு அவசரக் குறியொலிக் கருவி (பி.எல்.பி.) ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு அமைப்பான ஆம்சாவில் இலவசமாகப் பதிவு செய்ய வேண்டும். ஐபோன் 14-லும் அதற்குப் பிந்திய ஐபோன்களிலும் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி வசதி இங்கே வேலை செய்கிறது. வீட்டிலேயே அதன் செயல்விளக்கத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று பயணத்துக்கு வராத ஒரு நண்பரிடம் எழுதிக் கொடுங்கள். "திங்கள் இரவுக்குள் கூப்பிடாவிட்டால் போலீஸுக்குச் சொல்லு" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.

7. ஓட்டுதல்

இழுத்துப் பழகாதவர்கள் சனி காலை காலியான பள்ளிக்கூட வாகன நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் பின்னோக்கி ஓட்டிப் பழகுங்கள். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லரின் வால் அந்தப் பக்கம் போகும்.

கிளம்பும் முன்: டோபால் பூட்டு, குறுக்காகப் போட்ட பாதுகாப்புச் சங்கிலி, பிளக், விளக்குகள், தூக்கிக் கட்டிய ஜாக்கி வீல் (டிரெய்லரின் முன்பக்கச் சின்னச் சக்கரம்). ஒருவர் விளக்கைப் போட இன்னொருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். பத்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடியும் ஒருமுறை.

கார், டிரெய்லர் இரண்டின் மொத்த எடை வரம்பு 4.5 டன்னைத் தாண்டினால் உச்ச வேகம் 100. நான் எப்படியும் மழையில் 80-க்கு மேல் போவதில்லை. டிரெய்லர் வாலாட்டினால் கால் பிரேக்கை அழுத்தாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, கன்ட்ரோலரில் உள்ள கை பிரேக்கை மெல்ல அழுத்துங்கள்.

சுங்கம்: நார்த்கனெக்ஸ் போன்ற சுங்கச் சாலைகளில் நீளம் 12.5 மீட்டரையோ உயரம் 2.8 மீட்டரையோ தாண்டினால் லாரிக் கட்டணம். சாதாரண காரும் கேம்பரும் அதற்குள் அடங்கும். மேலே சைக்கிள் கட்டினால் உயரத்தை அளந்துவிடுங்கள். எரிபொருளைப் பொறுத்தவரை, என் வண்டி நூறு கிலோமீட்டருக்கு 9 லிட்டர் குடிப்பது. டிரெய்லரோடு 14 ஆனது. டங்காக்கில் டாங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

8. மழையில் விரிப்பது

பிற்பகல் இரண்டு மணிக்குள் போய்ச் சேரப் பாருங்கள். ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். "ஐந்து நிமிடத்தில் விரியும்" என்று விளம்பரம் சொல்வது படுக்கையை மட்டும். முன்னால் வாசல் பந்தல் மாதிரி நீளும் அனெக்ஸோடு சேர்த்து எங்களுக்கு முதல்முறை ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. போவதற்கு முன் வீட்டிலேயே ஒருமுறை முழுதாக விரித்து மடித்துப் பாருங்கள்.

இடம் தேர்வு: முதலில் தலையைத் தூக்கிப் பாருங்கள். பெரிய யூகலிப்டஸ் மரத்துக்குக் கீழே வேண்டாம். காற்றே இல்லாத நாளில்கூட கிளை முறிந்து விழும். மண் ஊறியிருந்தால் மரமே சாயும். பிறகு தரையைப் பாருங்கள். பள்ளம், காய்ந்த ஓடைத்தடம், வழுவழுப்பான புல்வெளி எதுவும் வேண்டாம். சரளை பாவிய மேட்டிடம் நல்லது. காரின் முகம் வெளியேறும் திசையில் இருக்கட்டும்.

வரிசை இது. டிரெய்லரை மட்டமாக்கிச் சக்கரத்துக்கு அண்டைக் கட்டை கொடுங்கள். பிள்ளைகளைக் காருக்குள்ளேயே வையுங்கள். டிரெய்லருக்கு மேலே பெரிய தார்ப்பாயை மரங்களுக்கு இடையே கட்டுங்கள். இந்த ஒரு வேலை பதினைந்து நிமிடம் எடுத்து மீதி எல்லாவற்றையும் காப்பாற்றும். அதன் கீழே கூடாரத்தைத் திறந்து, தாங்கு கால்களை இறக்குங்கள். அனெக்ஸ் கடைசியில்.

அனெக்ஸ் கூரையைச் சமமாகக் கட்டாதீர்கள். பக்கத்து இடத்தில் தங்கியிருந்த பெரியவர் ஒருவர் வந்து எங்கள் ஒரு கம்பத்தை ஒரு முழம் இறக்கிவிட்டுப் போனார். அதுவரை கூரையில் குளம் கட்டி நின்ற தண்ணீர் அந்த மூலை வழியாக அருவி மாதிரி இறங்கிவிட்டது. அங்கே ஒரு வாளி வைத்தால் பாத்திரம் கழுவத் தண்ணீரும் ஆயிற்று. குளம் கட்டவிட்டால் எடை தாங்காமல் கம்பம் வளையும், கேன்வாஸ் கிழியும்.

நனைந்த கேன்வாஸை உள்ளிருந்து கையாலோ தலையணையாலோ தொட்டு அழுத்தாதீர்கள். தொட்ட இடத்தில் கசியும். பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாசலில் ஒரு பழைய மிதியடியும் செருப்புக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் வையுங்கள். நம் வீட்டுப் பழக்கம்தான். "செருப்போடு உள்ளே வராதே" என்ற ஒரே விதி படுக்கையைக் காப்பாற்றும்.

9. உள்ளே இருக்கும் நேரம்

காஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ மூடிய கூடாரத்துக்குள் மூட்டவே கூடாது. மழையும் குளிரும் சேர்ந்தால் "கொஞ்ச நேரம் உள்ளே வைத்தால் என்ன" என்று தோன்றும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுக்கும். தணல் அணைந்த மாதிரி தெரியும் கரிச் சட்டியும் அப்படித்தான். தார்ப்பாய்க்குக் கீழே, திறந்த வெளியில் சமையுங்கள். காஸ் சிலிண்டர் நிமிர்ந்தே பயணிக்க வேண்டும், ஓடும்போது மூடியிருக்க வேண்டும். சிலிண்டரின் கழுத்தில் அடித்த தேதி பத்து வருடத்தைத் தாண்டியிருந்தால் நிரப்ப மாட்டார்கள்.

முதல் நாளுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். விரித்துக் களைத்த கையோடு சமைக்க முடியாது. மறுநாள் மழையில் கொதிக்கக் கொதிக்க மிளகு ரசம் வைத்துப் பாருங்கள். இந்தப் பயணத்தில் என் பிள்ளைகள் இன்றும் நினைவு வைத்திருப்பது அதைத்தான்.

மின்சாரம்: மழைக்காட்டில் சூரியத் தகட்டை நம்பாதீர்கள். 100 ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம். வகை பேட்டரியில் பாதியைத்தான் பாதுகாப்பாக எடுக்கலாம். ஃபிரிட்ஜ் நாளொன்றுக்கு 25 முதல் 30 வரை இழுத்தால், இரண்டாம் நாள் முடிவதற்குள் தீர்ந்துவிடும். ஒரு ஐஸ் பெட்டியும் கூடவே வேண்டும்.

அட்டை: வால்பாறைப் பக்கம் போனவர்களுக்குப் பழக்கம்தான். நகத்தால் நெட்டித் தள்ளுங்கள், அல்லது உப்பு வையுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட வேண்டாம். உண்ணி அப்படியல்ல. கிழக்குக் கரையில் முடக்கு உண்ணி உண்டு. சொறியாதீர்கள், இடுக்கியால் நசுக்கிப் பிடுங்காதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் உறையவைக்கும் தெளிப்பானால் அதை அங்கேயே கொன்று, தானாக விழ விடுங்கள். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் உடனே 000. இரவில் பிள்ளைகளின் காது மடலுக்குப் பின்னாலும் தலைமுடிக்குள்ளும் பாருங்கள். மழைக்குப் பிறகு ஃபனல்-வெப் சிலந்தி வெளியே திரியும். காலையில் ஷூவைத் தட்டாமல் காலை விடாதீர்கள். பாம்புக்கும் அந்தச் சிலந்திக்கும் முதலுதவி ஒன்றே: அகலமான எலாஸ்டிக் கட்டுத்துணியால் கை அல்லது கால் முழுவதும் இறுக்கிச் சுற்றி, அசையாமல் வைப்பது. அந்தக் கட்டுத்துணி இரண்டு வாங்கி வையுங்கள்.

10. சேற்றில் புதைந்தால்

சக்கரம் சுழல ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். மேலும் மிதித்தால் ஆழமாகும். டிரெய்லரைக் கழற்றிவிட்டு முதலில் காரை வெளியே எடுங்கள். சக்கரத்துக்குக் கீழே போடும் பிளாஸ்டிக் பலகைகளும் ஒரு மண்வெட்டியும் இருந்தால் பெரும்பாலும் வேலை முடியும். யாராவது கயிறு கட்டி இழுக்க வந்தால், டோபாலில் மாட்டவே விடாதீர்கள். அது பிய்ந்து குண்டு மாதிரி பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

11. மடிப்பது, காயவைப்பது

நான் 220 டாலர் இழந்த இடம் இது.

மழை நிற்கக் காத்திருக்காதீர்கள். உள்ளே இருப்பதை முதலில் காலி செய்து, மெத்தை, போர்வை எல்லாவற்றையும் பெரிய பிளாஸ்டிக் பைகளில் கட்டிக் காரில் ஏற்றுங்கள். மெத்தையை எடுக்க முடியாவிட்டால் அதன் மேல் ஒரு தார்ப்பாயை விரித்து, நனைந்த கேன்வாஸ் நேராக அதில் படாதபடி செய்யுங்கள். சேற்றைத் துடைத்துவிட்டு மடியுங்கள். மடிப்பில் ஒட்டிய சேறு காய்ந்தால் தேய்த்தாலும் போகாது.

ஈரமாக மடித்த கேன்வாஸை வெயில் காலத்தில் ஒரு நாளுக்குள்ளும், குளிரில் இரண்டு நாளுக்குள்ளும் மறுபடி விரித்தாக வேண்டும். வீடு வந்ததும் களைப்பாக இருக்கும், மறுநாள் வேலை இருக்கும். நான் செவ்வாய் மாலைதான் திறந்தேன். மூலைகளில் கறுப்புப் புள்ளி வந்திருந்தது.

அதனால் இப்போது வெள்ளி முதல் ஞாயிறு வரை பயணம் என்றாலும் வாடகையைச் செவ்வாய் வரை எடுக்கிறேன். திங்களன்று விடுப்பு. கூடுதல் இரண்டு நாளுக்கு ஆகும் செலவு, போன டெபாசிட்டுக்கு அருகில்கூட வராத மாதிரி பேசி வாங்கலாம். வார நாளுக்கு உரிமையாளர்கள் பாதிக் கட்டணத்துக்கே சம்மதிக்கிறார்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு விரிக்க இடமே இராது. இதைப் பயணத்துக்கு முன்பே தீர்த்துவிடுங்கள். தனி வீடுள்ள நண்பரின் கொல்லைப்புறத்தைக் கேட்டு வையுங்கள். இல்லையென்றால் "மழையில் நனைந்தால் உங்கள் இடத்திலேயே விரித்துக் காயவைக்கலாமா, எவ்வளவு வாங்குவீர்கள்" என்று உரிமையாளரிடம் முதலிலேயே கேளுங்கள். என் மூன்றாவது பயணத்தில் அவர் 60 டாலருக்கு அவரே செய்துகொண்டார்.

காயவைக்கும்போது மேல்பக்கம் தொட்டால் உலர்ந்திருக்கும். அதை நம்பாதீர்கள். ஜிப்புக்கு அடியில், தையல் மடிப்பில், மூலைப் பட்டைகளில், மெத்தைக்குக் கீழுள்ள பலகையில் கை வையுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். ஜன்னல் எல்லாம் திறந்து ஒரு மின்விசிறியை உள்ளே ஓடவிடுங்கள். சோப்போ, சலவைத்தூளோ, பிளீச்சோ கேன்வாஸில் போடாதீர்கள். தண்ணீர் புகாமல் தடுக்கும் பூச்சு போய்விடும். வெறும் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும்.

முழுக்கக் காய்ந்தபின் மறுபடியும் ஒரு வீடியோ எடுங்கள், தேதி தெரியும்படி. ஒப்படைக்கும்போது உரிமையாளரை நிறுத்திவைத்து, அவர் முன்னாலேயே கூடாரத்தை விரித்து மூலைகளைக் காட்டுங்கள். டெபாசிட் எந்த நாளுக்குள் திரும்பும் என்று அங்கேயே குறுஞ்செய்தி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.